எதிர் வீட்டுக் கதவு

சனிக்கிழமை வந்தால் பெரிலுக்கு முதலில் முட்டி வலிக்கும், அப்புறம் மனசு. மொந்த்ரியோல் ஊராட்சி மன்றக் கட்டடத்தின் பின்பக்கம், முன்பு தீயணைப்பு வண்டி நின்ற அறையில், அவள் ஆங்கிலப் புத்தக நிலையம் நடத்திவந்தாள். பிரான்சின் இந்த மூலைக்குக் குடியேற வருகிற இங்கிலீஷ்காரர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது அந்த அறை வாசலை மிதித்திருப்பார்கள். துப்பறியும் நாவல் எடுக்க வந்ததாகத்தான் சொல்வார்கள். உண்மையில் வருவது கழிவுத்தொட்டியைப் பற்றிக் கேட்க.

அன்றும் ஒரு மனிதர், கென்ட் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், ஒரு நாவலை மரியாதைக்காகக் கையில் பிடித்துக்கொண்டு மேஜை முன்னால் நெளிந்தார்.

"ஒரு சின்ன சந்தேகங்க."

"கழிவுத்தொட்டியா, டிரைவிங் லைசென்ஸா, மருத்துவ அட்டையா?" என்றாள் பெரில், தலையைத் தூக்காமலே.

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. தன் கஷ்டம் தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்திருப்பார் போல. "கழிவுத்தொட்டி," என்றார்.

"மூணாவது தட்டு, பச்சை அட்டை போட்டது. சோதனைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி மூடியை நீங்களே தோண்டித் திறந்து வைங்க. அவர் தோண்ட மாட்டார். அவர்கிட்ட வானிலையைப் பத்திப் பேசுங்க, வேலையைப் பத்திப் பேசாதீங்க. காப்பி குடுங்க."

"காப்பி குடுத்தா பாஸ் பண்ணிடுவாரா?"

"மாட்டார். ஆனா ஃபெயில் பண்றப்போ சிரிச்சுக்கிட்டே பண்ணுவார்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்மணிக்குப் புகைபோக்கி சுத்தம் செய்த சான்றிதழ் எதற்கு என்று தெரியவேண்டும். அதற்குப் பின்னால் இருந்தவருக்கு விறகு எந்த மாதம் வாங்குவது, ஈர விறகைத் தலையில் கட்டுகிறார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது. எல்லாவற்றுக்கும் பெரிலிடம் பதில் இருந்தது. பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி அவள் குரல் தானாக ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் வேறு ஏதாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு அவள் நினைத்தது தன் வீட்டை. அது இனித் தன் வீடு இல்லை என்பதை.

வியாழக்கிழமை பத்திரக்காரர் அலுவலகத்தில் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். வாங்குவது ஊனா, டோனல் என்கிற ஐரிஷ் ஜோடி. இளசுகள், ஊனா மாசமாக வேறு இருக்கிறாள். குளிர்காலம் முடிவதற்குள் பெரில் ஷெஃபீல்டுக்குப் போய்விட வேண்டும். மகள் டெஸ்ஸா தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில்கூடப் போட்டுவைத்துவிட்டாள்.

பெரிலுக்குப் போக விருப்பமில்லை. இதை டெஸ்ஸாவிடமும் சொல்லவில்லை, ஐரிஷ் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மை. அந்தக் கல் வீடும், பின்புறத்துப் பேரி மரமும், பனி மூட்டத்தில் மாட்டு மணி மட்டும் கேட்கிற காலைகளும் அவளுக்குப் போதும். ஷெஃபீல்டில் அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மழையும் பஸ் டிக்கெட்டும்தான்.

ஆனால் கணவன் நார்மன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன ஜனவரியில் முற்றத்தில் உறைபனி வழுக்கி, இடுப்பு பிசகி, விறகுக் கொட்டகைப் பக்கம் விழுந்து கிடந்தாள். கத்திப் பார்த்தாள், குரல் வேலி தாண்டவில்லை. தபால்காரப் பெண் எட்டிப் பார்த்திருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த டெஸ்ஸா, அழுது முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, இந்த ஊர்ல உனக்குன்னு யாரு இருக்கா? ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லு, நான் வாயை மூடிக்கறேன்."

பெரில் யோசித்தாள். சீட்டாடும் கூட்டாளிகள் இருந்தார்கள், எல்லாரும் இங்கிலீஷ்காரர்கள், எல்லாரும் காரில் அரைமணி தூரம், பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களில் ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாள். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

*

அறையைப் பூட்டப்போகும் நேரத்தில் ஊனாவும் டோனலும் வந்தார்கள். பக்கத்து ஊரில் வாடகை அறையில் தங்கி, வாங்கிய வீட்டைத் தினமும் வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு இப்போது வேலை. ஊனாவின் கையில் துணி மூடிய ஒரு தட்டு இருந்தது. வெண்ணெயும் பூண்டும் மணத்தது.

"பெரில், சாப்பிடுறீங்களா? உருளைக்கிழங்கும் க்ரீமும் வெச்சுச் சுட்ட அப்பம். இன்னும் சூடு ஆறல."

"எங்க வாங்கினீங்க? பேக்கரியில இதைப் போடறதில்லையே."

"வாங்கினதா! உங்க எதிர் வீட்டு மதாம் குடுத்தாங்க. உங்க எதிர் வீடு... இனிமே எங்க எதிர் வீடு." ஊனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. வாய் முந்திடுது."

"மதாம் பெய்ரோனேயா?"

"சொலாஞ்ச். அப்படித்தான் கூப்பிடணும்னு கட்டளை."

பெரில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். எதிர் வீட்டுத் தபால் பெட்டியில் 'எஸ்' என்ற எழுத்தைப் பார்த்திருக்கிறாள். அது சுசானாக இருக்கும் என்று நார்மன் சொல்வான், சிமோன் என்று இவள் சொல்வாள். இங்கே வந்து பதினெட்டு வருஷம், நார்மன் போகும்வரை அந்தச் சின்னச் சண்டை தீரவே இல்லை. சந்தில் எதிர்ப்பட்டால் 'வணக்கம் மதாம்', 'வணக்கம் மதாம்', அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

"அவங்களா வந்து உங்களைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அவங்க எதுக்கு வரணும்? நாங்கதான் போனோம், கையெழுத்துப் போட்ட அன்னைக்கே. சாகிற வரைக்கும் எதிர்ல இருக்கப்போறோம், மூஞ்சியைக் காட்டிட்டு வந்துடுவோம்னு இவன் சொன்னான். எனக்கு பிரெஞ்சு நாலு வார்த்தை தெரியும், இவனுக்கு மூணு. போய்க் கதவைத் தட்டிட்டோம்."

"நான் குடுத்த கையேட்டுல, அண்டை வீட்டாரைப் பத்தின பக்கம்..."

டோனல் பின்தலையைச் சொறிந்தான். "படிக்கணும் பெரில். கார்லயே கெடக்கு. கழிவுத்தொட்டி வரைக்கும் வந்தேன், தூங்கிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சொன்னாங்களா? ரெண்டு கன்னத்துலயும் முத்தம் வெச்சு, உள்ள இழுத்துட்டுப் போயி, வால்நட் ஒயின் ஊத்தி, எனக்கு இல்லன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்து புடுங்கிக்கிட்டாங்க," ஊனா வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். "மேயர் சம்சாரமும் அங்கதான் உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். இங்க அதுதான் முறையாம். புதுசா வர்றவங்கதான் வீடு வீடாப் போயி 'நாங்க இன்னார், இங்க வந்திருக்கோம்'னு சொல்லணுமாம். இருக்கறவங்க முதல்ல போய்க் கதவைத் தட்டினா, வேவு பாக்க வந்த மாதிரி ஆயிடுமாம். நம்ம ஊர்ல அப்படியே தலைகீழ், இல்ல?"

பெரில் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"உங்களைப் பத்தியும் கேட்டாங்க," என்றான் டோனல், அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டபடி. "'எதிர் வீட்டு அம்மா ஏன் ஒரு நாளும் வரல, எங்க மேல என்ன கோபம்'னு. கூச்ச சுபாவமா இருக்கும்னு சொல்லிவெச்சேன். சரிதானே?"

"நானா வரல?" பெரிலின் குரல் கிரீச்சிட்டது. "நானா! அந்தம்மாதான்... அவங்கதானே வரல!"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். டோனல் மெல்லுவதை நிறுத்தினான். பெரில் எழுந்து, காரணமே இல்லாமல், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். மேஜை ஓரத்தில் கையேட்டின் புதிய கட்டு இருந்தது, நான்காம் பதிப்பு, புதிதாக வருகிறவர்களுக்காக அவளும் நார்மனும் எழுதியது. ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பிரெஞ்சுக்காரர்கள் தனிமையை மதிப்பவர்கள். அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாதீர்கள். தயாரானதும் அவர்களாகவே வருவார்கள், அதுவரை பொறுத்திருங்கள்.

"தொட்டில் எங்க போடறதுன்னுதான் இன்னைக்கு சண்டை," ஊனா பேச்சை மாற்றினாள். "தோட்டத்தைப் பாத்த ரூம்ல போடலாம்னு நான் சொல்றேன். குளிரும்னு இவன் சொல்றான். குளிருமா பெரில்?"

குளிராது. சமையலறைப் புகைபோக்கி அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஏறுகிறது, மார்ச் மாதம்வரை அங்கே கதகதப்பாக இருக்கும். நார்மன் கடைசி மாதங்களில் படுத்திருந்தது அங்கேதான். பெரிலின் வாய்வரைக்கும் வேறொன்று வந்து நின்றது. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு விற்றவருக்குப் பின்வாங்க வழி கிடையாது. வாங்குகிறவருக்கு மட்டும் பத்து நாள் அவகாசம் உண்டு, காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை. எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். இன்றைக்கு இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. 'பிள்ளைகளா, ஒரு தப்பு நடந்துபோச்சு, நீங்க வேற வீடு பாருங்க' என்று கேட்டால், இந்த இரண்டும் முகம் சுருங்கினாலும் விட்டுக்கொடுத்துவிடும். அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

ஊனா வயிற்றில் கை வைத்தபடி பதிலுக்காக நின்றாள்.

"குளிராது," என்றாள் பெரில். "அங்கயே போடுங்க."

*

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நார்மன்மேல் படலாம், அவன் தப்பித்துக்கொண்டான். மதாம்மேல் படலாம் என்றால், அந்த அம்மா செய்ததெல்லாம் தன் வீட்டில் காத்திருந்தது ஒன்றுதான். இவளும் அதையேதான் செய்தாள்.

முதல் கோடைகாலம் ஞாபகம் வந்தது. வந்த மறுநாளே பெரில் இரண்டு கேக் சுட்டாள், ஒன்று எலுமிச்சை, ஒன்று உலர்பழம். எப்போது யார் வந்தாலும் வெறும் வாயோடு அனுப்பக்கூடாதே. நார்மன் மாலையானால் சட்டை மாற்றிக்கொண்டு, டைகூடக் கட்டிக்கொண்டு, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவான். எதிர் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். யாரும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து கேக்குகளை அவர்களே தின்று தீர்த்தார்கள். இன்னொரு கேக் சுட்டாள். அதையும் தின்றார்கள்.

'நாம இங்கிலீஷ்காரங்கன்னு ஒதுக்கறாங்க,' என்றான் நார்மன் ஒரு நாள், டையைக் கழற்றியபடி. 'அவசரப்படுத்தக் கூடாது. அவங்க ஊரு.' அது பெருந்தன்மை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதைக் கையேட்டிலும் எழுதினார்கள். அதைப் படித்த குடும்பங்கள் எல்லாம் இந்த மலைச்சரிவு முழுக்க அங்கங்கே கேக் சுட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வரமாட்டேன் என்கிறார்களே என்று மனம் கசந்து, தங்களுக்குள்ளேயே சீட்டாடி, கடைசியில் வீட்டை விற்றுவிட்டுப் போயிருக்கும். அப்படிப் போன எத்தனை பேரை வழியனுப்பிவைத்திருக்கிறாள்! 'இந்த ஊர்க்காரங்க மனசு கல்லு' என்று போகும்போது சொல்வார்கள். இவளும் ஆமாம் போடுவாள்.

வெட்கமாக இருந்தது. எழுபது வயதுக்குமேல் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது. இப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்? பேசாமல் பெட்டியைக் கட்டு, பேசாமல் கிளம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த ஊரில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். அது மட்டும் கையேட்டில் சரியாகத்தான் இருந்தது. பெரில் பொழுது சாயும்வரை பொறுத்தாள். கேக் சுடலாமா என்று யோசித்து, மாவு டப்பாவைத் திறந்து, மறுபடி மூடினாள். கேக் சுட்டது போதும் என்று தோன்றிவிட்டது. ஒயின் பாட்டில் எடுத்துப்போகலாமா என்று பார்த்தாள், அதுவும் வேண்டாம். வெறும் கையை வீசிக்கொண்டு சந்துப் பாதையைக் கடந்தாள். கடப்பதற்கு எட்டு அடி எடுத்து வைத்தால் போதும், ஆனால் நடுவில் ஒரு முறை நின்றாள்.

என்ன சொல்வது என்பதுதான் பெரிய பாடு. அவளுடைய பிரெஞ்சு அலுவலகங்களில் பழுத்த பிரெஞ்சு. கழிவுத்தொட்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் தெரியும், வரி அலுவலகத்தில் சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை போடத் தெரியும். ஒரு வீட்டு வாசலில் நின்று தன்னைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

தட்டினாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. மதாம் பெய்ரோனே குள்ளம், அகலம், நீலப் பூப்போட்ட மேலங்கி, கையில் கரண்டி. பெரிலைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் வந்தது, உடனே அதை விரட்டிவிட்டு ஒரு விறைப்பு வந்தது.

"வணக்கம், மதாம்."

"வணக்கம், மதாம்," என்றாள் பெரில். அத்தோடு நின்றுவிடப் பார்த்தது பேச்சு, பழக்கதோஷம்.

"தெரியும்," என்றாள் மதாம். "வீட்டை வித்துட்டீங்க. நல்ல பிள்ளைங்க, வந்தாங்க. நீங்க விடைபெற வந்திருக்கீங்க. பரவால்ல. அதுக்காவது வந்தீங்களே."

"இல்லை. நான் பெரில்." கனைத்துக்கொண்டாள். "பெரில் ஹோல்டன். எதிர் வீட்டுல குடி வந்திருக்கேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மதாம் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். பைத்தியமா என்பதுபோலப் பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க?" என்றாள் கடைசியில்.

"பதினெட்டு வருஷம் முன்னாடி."

"அவசரமே இல்லாம வந்திருக்கீங்க."

"எங்க ஊர்ல இருக்கறவங்கதான் முதல்ல வருவாங்க, மதாம். புதுசா வந்தவங்க காத்திருப்பாங்க. நாங்க காத்துக்கிட்டே இருந்தோம். என் வீட்டுக்காரர் டை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பார்."

"டை கட்டிக்கிட்டா?" மதாமின் விறைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. "அந்த டையா? அதைப் பாத்துட்டு என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'தினமும் டை கட்டறான், பெரிய துரை, நம்ம வீட்டுக்கெல்லாம் எங்க வரப்போறான்'னார். நான் அந்த வாரம் பூரா வீட்டைப் பெருக்கித் துடைச்சு, நல்ல கோப்பையெல்லாம் வெளிய எடுத்து வெச்சிருந்தேன். வருவீங்கன்னு."

"நான் ரெண்டு கேக் சுட்டு வெச்சிருந்தேன்."

"யாரு தின்னா?"

"நாங்கதான்."

மதாம் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரிலும் சிரித்தாள், சிரிப்பு வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது, அதற்குள் மதாம் அவள் முழங்கையைப் பற்றி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள். "குளிர் உள்ள வருது. உக்காருங்க. அங்க இல்ல, அது பூனைக்கு."

அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜை மெழுகுத்துணியில் ரொட்டித் துகள். ஜன்னல் வழியே பெரிலின் வீடு முழுசாகத் தெரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. கூரை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர் போனப்போ," என்றாள் மதாம், முதுகைக் காட்டிக்கொண்டு சூப்பைக் கிளறியபடி, "எனக்கு ரொம்ப சங்கடமா இருந்துச்சு. பேக்கரியில சாவு அறிவிப்பு ஒட்டுவாங்க, பாத்தேன், இல்ல. மாதா கோயில் கதவுலயும் இல்ல. அடக்கம் எங்க, எப்பன்னு யாருக்கும் தெரியல. உங்க முற்றத்துல இங்கிலீஷ்காரங்க காரா நின்னுச்சு. நான் கேட் வரைக்கும் வந்தேன். முழுசா கறுப்பு உடுப்பு போட்டுக்கிட்டு. நல்லதுக்கு ஒருநாளும் போகாத வீட்டுக்குள்ள சாவுக்கு மட்டும் எப்படி நுழையறது, சொல்லுங்க? திரும்பிட்டேன்."

"எனக்குத் தெரியாது," என்றாள் பெரில்.

"எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தானே?" மதாம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது, அது அடுப்புச் சூடு மட்டும் இல்லை. "போன ஜனவரியில மட்டும் பொறுக்க முடியல. மதியம் ஆகியும் உங்க ஜன்னல் கதவு பாதி மட்டும் திறந்து கெடக்கு. புகைபோக்கியில புகை இல்ல. நீங்க காலையில ஏழு மணிக்கு எல்லாத்தையும் தெறக்கறவங்களாச்சே, என்னமோ ஆயிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தபால்காரப் பொண்ணு என் வீட்டுக்கு வந்தா, அவளைப் புடிச்சுத் தள்ளினேன், 'போடி, போய்ப் பாரு'ன்னு. அவ போக மாட்டேன்னா, அங்க தபால் இல்லன்னா. திட்டி அனுப்பினேன்."

பெரில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தற்செயல் என்று நினைத்திருந்தாள். டெஸ்ஸாவிடமும் அப்படித்தான் சொன்னாள், கடவுள் புண்ணியம், அந்தப் பெண் தற்செயலாக வந்தாள் என்று. ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லு என்று மகள் கேட்ட அன்று, பெயர் இருந்திருக்கிறது. எதிர் ஜன்னலில், தினமும் ஏழு மணிக்கு இவள் வீட்டைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். நார்மன் போனபோதுகூட இவ்வளவு சத்தமாக அழவில்லை.

மதாம் ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள், கோழி துடைக்கிற துண்டு இல்லையே என்று ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு.

"எதுக்கு விக்கறீங்க?" என்றாள், பெரில் மூக்கைச் சிந்தி முடித்ததும்.

"இங்க எனக்கு யாரும் இல்லைன்னு."

"இப்ப?"

"இப்ப கையெழுத்துப் போட்டாச்சு. திருப்பி வாங்க முடியாது. அந்தப் பிள்ளைங்க நெனச்சா முடியும், ஆனா நான் கேக்க மாட்டேன். தொட்டில் எங்க போடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"கேக்காதீங்க. தப்பு அது. இந்தச் சந்துல குழந்தை அழுது எத்தனை வருஷம் ஆச்சு." மதாம் கரண்டியை மேஜையில் டக்கென்று வைத்தாள். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. வீட்டைத்தானே வித்தீங்க? ஊரையா வித்தீங்க?"

பெரில் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வழி சொன்னவளுக்கு இது ஒன்று தோன்றவே இல்லை. வீடு போனால் பெட்டி, பெட்டி போனால் கப்பல் என்றுதான் அவளுக்கு ஓடியது. வந்தவர்களுக்கு எல்லாருக்கும் அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது.

"என் நாத்தனார் வீட்டு மாடி காலியாக் கெடக்கு," என்றாள் மதாம்.

"முட்டி சரியில்ல. மாடி ஏற முடியாது."

"அப்ப மாடி வேணாம். பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு சின்ன வீடு இருக்கு, தரையோட. அதோட சொந்தக்காரன் ஜெரோம் அதை யாருக்கும் விடமாட்டேன்னு முறைச்சுக்கிட்டுத் திரியறான். வெளியூர்க்காரங்களுக்குத் தரமாட்டானாம்."

"நான் வெளியூர்தானே."

"யாரு சொன்னா? நீங்க என் எதிர் வீடு." மதாம் அலமாரியிலிருந்து கிண்ணம் எடுத்தாள், நல்ல கிண்ணமா சாதாக் கிண்ணமா என்று யோசித்து, சாதாவையே எடுத்தாள். "நான் அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"மகள்கிட்ட என்ன சொல்றது? அறையெல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்கா."

"அது உங்க பாடு. அதை நான் கேட்டுச் சொல்ல முடியாது."

"ரொம்பக் களைச்சுப் போயிட்டேன், மதாம்," என்றாள் பெரில். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷமாக யாரும் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை.

"பாத்தாலே தெரியுது. குடிங்க."

சூப் சூடாக இருந்தது. பெரில் ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். மதாம் எதிரில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு பார்த்தாள். உப்பு தூக்கலாக இருந்தது. பெரில் சொல்லவில்லை. எதிர் வீட்டுக்காரியிடம் உப்பு தூக்கல் என்று சொல்லுமளவுக்கு உரிமை வரவேண்டுமென்றால், இன்னும் சில வருஷமாவது இந்த ஊரில் இருந்தாக வேண்டும்.